வீட்டுப் பின்னாடி பத்து சென்ட் புல்: கோடை தொடங்கும்போது கவனிக்க வேண்டியவை



மாசி முடிந்து பங்குனி வரப்போகிறது. மழைக்காலத்தில் வரப்பில், வாய்க்கால் ஓரத்தில் தானாக முளைத்த புல் எல்லாம் காய ஆரம்பித்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் புல்லுக்கட்டுக்காக நாம் நடக்கிற தூரம் கூடும். பால் அளவு குறையும். ஆனால் குழுவில் வாங்கின மாட்டுக் கடனின் தவணை மட்டும் குறையாது. கோடையில் தீவனம் கிடைக்காமல் மாட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மாடு போன பிறகும் கடனைக் கட்டிக்கொண்டிருக்கிற நிலைமை நம்மில் யாருக்கும் வரக்கூடாது. அதனால் இந்த மாதம் புல்லைப் பற்றிப் பேசுவோம்.

டவுனில் வசதியான வீடுகளில் வாசலில் புல் வளர்க்கிறார்கள். தண்ணீர் ஊற்றி, வெட்டி, வெட்டினதைக் குப்பையில் கொட்டுகிறார்கள். நம்ம வீட்டுப் புல் வேறு மாதிரி. வெட்ட வெட்ட அது பாலாகிறது, சாணமாகிறது, தவணையாகிறது. ஆனால் கோடையில் ரெண்டு புல்லுக்கும் கவனிப்பு ஒன்றுதான். எப்படி அறுக்கிறோம், எப்படித் தண்ணீர் விடுகிறோம், மண்ணை எப்படி மூடி வைக்கிறோம் என்கிற மூன்று விஷயத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

நம்ம பகுதியில் இருக்கும் புல்

ஜெயமங்கலம், மேல்மங்கலம், குள்ளப்புரம், தாமரைக்குளம், தேவதானப்பட்டி பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் அதிகமாகச் சொல்வது 'கோ-4 புல்'. இதன் முழுப் பெயர் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் கோ-4. நாம் சாப்பிடுகிற கம்பையும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நேப்பியர் என்ற யானைப்புல்லையும் சேர்த்துத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கி 2008-ல் வெளியிட்டது. அதற்குப் பிறகு 2012-ல் கோ-5 வந்தது. ரெண்டுக்கும் பராமரிப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்தப் புல் விதை கட்டாது. அதனால் ரெண்டு கணு உள்ள கரணையையோ, வேர்விட்ட தூரையோதான் நட வேண்டும். ஒருமுறை நட்டால் பல வருஷம் நிற்கும். நட்ட 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பு. அதன் பிறகு 45 நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம்.

எத்தனை தூர், எத்தனை கிலோ?

கறவை மாடு ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிலோ பசுந்தீவனமும், 5 அல்லது 6 கிலோ வைக்கோலும் வேண்டும். 60 செ.மீ. வரிசை, 50 செ.மீ. இடைவெளி விட்டு நட்டால் ஒரு சென்ட்டில் சுமார் 135 தூர் வரும். பத்து சென்ட்டில் 1,350 தூர்.

இதை 45 நாளால் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 30 தூர். நல்ல கவனிப்பில் இருக்கும் ஒரு தூரில் ஒரு கிலோவுக்குக் குறையாமல் கிடைக்கும். ஆக, தினமும் 30 தூர் அறுத்தால் ஒரு மாட்டின் வயிறு நிறையும். 31-வது தூர் நாளைக்கு. வரிசைப்படி அறுத்து 45-ம் நாள் கடைசித் தூருக்குப் போகும்போது முதல் தூர் மறுபடி தயாராக நிற்கும்.

'பத்து சென்ட்டுக்கு நாங்க எங்கே போறது?' என்று கேட்பீர்கள். மூணு சென்ட் இருந்தாலும் போதும், 405 தூர் வரும். தினம் 9 தூர், 9 கிலோ. கணக்குக்கு ஒரு கிலோ பசுந்தீவனம் 4 ரூபாய் என்று வைத்தால் தினம் 36 ரூபாய், மாதம் 1,000 ரூபாய்க்கு மேல். தவணையில் ஒரு பங்கு வீட்டுப் பின்னாடியே இருக்கிறது.

கோடை தொடக்கத்தில் செய்ய வேண்டிய ஐந்து வேலைகள்

1. அடியோடு ஒட்ட அறுக்காதீர்கள்

'ஒட்ட அறுத்தாத்தான் புல் மிச்சமாகும்' என்று பலர் நினைக்கிறோம். கோடையில் இது நஷ்டம். புல் மறுபடி துளிர்க்க வேண்டிய சத்து, தரைக்கு மேல் நிற்கும் அடித்தாளிலும் வேரிலும்தான் இருக்கிறது. அடிக் கணுவிலிருந்துதான் புதுத் துளிர் வரும். ஒட்ட அறுத்துவிட்டால் வெயில் நேராகத் தூரின் நடுவில் அடிக்கும். கணு காய்ந்து, நடுத்தூர் செத்துப்போகும்.

தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. விட்டு அறுக்கவும். நம்ம கை அளவில் அரைச் சாணும் அதற்குக் கொஞ்சம் மேலும். அரிவாள் கூர்மையாக இருக்கட்டும். மழுங்கின அரிவாளால் இழுத்தால் தூர் அசைந்து வேர் அறுபடும். வெயில் ஏறும் முன்னால், விடிகாலையிலோ சாயங்காலமோ அறுப்பது நல்லது.

2. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்காதீர்கள்

தினமும் கொஞ்சம் தெளித்தால் மேல் மண் மட்டும் நனையும். வேரும் மேலேயே தங்கிவிடும். ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் புல் வாடும். வாரம் ஒருமுறை நன்றாக ஊறும்படி விட்டால் வேர் கீழே இறங்கும். மற்ற காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை போதும். கோடையில் கரிசல் மண்ணுக்கு வாரம் ஒருமுறை, செம்மண், மணல் மண்ணுக்கு ஐந்து ஆறு நாளுக்கு ஒருமுறை.

போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தண்ணீர் விட்ட மறுநாள் ஒரு குச்சியை மண்ணில் அழுத்திப் பாருங்கள். அரை அடி லேசாக இறங்கினால் போதும்.

போர் உள்ளவர்களுக்குச் சரி. குடத்துத் தண்ணீரை நம்பி இருப்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறோம். கோடையில் ஒரு தூருக்கு வாரம் ஒரு குடம் வேண்டும். வீட்டில் குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவின தண்ணீர், அரிசி கழுவின தண்ணீர் எல்லாம் சேர்த்துத் தினம் 10 குடம் கிடைத்தால், வாரத்துக்கு 70 தூர். அதாவது அரை சென்ட். அதனால் வீட்டுத் தண்ணீரை மட்டும் நம்பி பத்து சென்ட்டும் பச்சையாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

தண்ணீர் பத்தாதபோது எல்லாத் தூருக்கும் பங்கு போட்டு எல்லாவற்றையும் வாட விடுவதைவிட, இருக்கிற தண்ணீருக்கு ஏற்ற ஒரு பகுதியை மட்டும் பச்சையாக வைத்துக்கொள்ளுங்கள். மீதியை ஒரு தடவை அறுத்து, மூடாக்குப் போட்டு, பதினைந்து இருபது நாளுக்கு ஒரு முறை உயிர்த்தண்ணீர் காட்டி விட்டுவிடுங்கள். வேர் உயிரோடு இருந்தால் சித்திரை, வைகாசியில் கோடை மழை விழுந்ததும் துளிர்த்துவிடும்.

சோப்புத்தூள் அதிகம் கலந்த துணி துவைத்த தண்ணீரை விட வேண்டாம். அதில் இருக்கும் உப்பு மண்ணை இறுக்கிவிடும். மாட்டுத்தொழுவம் கழுவின தண்ணீரை வாய்க்கால் வெட்டி வேருக்கு விடலாம். ஓரிடத்தில் தேங்கவிட்டால் கொசு வரும்.

3. மண்ணை வெயிலுக்குக் காட்டாதீர்கள்

நாம் வெயிலில் தலைக்குத் துண்டு போடுவதுபோல மண்ணுக்கும் போட வேண்டும். அறுத்த வரிசையில் தூருக்குத் தூர் நடுவே நாலு விரல் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். நம்ம மாவட்டத்தில் வாழைச் சருகுக்குப் பஞ்சமே இல்லை. மாந்தோப்பில் மா இலை கொட்டிக் கிடக்கிறது. கரும்புச் சோகை, மாடு தின்று கழித்த தட்டை எதுவானாலும் சரி. தண்ணீர் ஆவியாவது குறையும். களையும் குறையும். மக்கினால் உரம்.

ரெண்டு எச்சரிக்கை. தூரின் நடுவில் போட்டு அமுக்கக் கூடாது, துளிர் மேலே வர வழி வேண்டும். செம்மண்ணில் காய்ந்த சருகுக்குக் கரையான் வரும். மூடாக்கை அடிக்கடி புரட்டிப் பாருங்கள்.

4. உரம், அளவோடும் ஈரத்தோடும்

ஒரு சென்ட்டுக்கு வருஷத்துக்கு 100 கிலோ மக்கிய சாணம் வேண்டும். நாலு ஐந்து கூடைதான். பச்சைச் சாணத்தை அப்படியே தூரில் கொட்டினால் சூடு வைத்துத் தூர் கருகும். மக்க வைத்தே போடணும்.

யூரியா போடுபவர்கள் அறுத்த சில நாளுக்குள், தண்ணீர் விடும் நாளில் போடுங்கள். சென்ட்டுக்கு அரை கிலோவைத் தாண்ட வேண்டாம். காய்ந்த மண்ணில் யூரியா போட்டால் பாதி காற்றோடு போகும். அறுப்பு நெருங்கும் நேரத்தில் யூரியா போடவே கூடாது. வாடின புல்லில் நைட்ரேட் சேர்ந்து மாட்டுக்கு விஷமாகும். உயிர்த்தண்ணீர் மட்டும் காட்டும் பகுதிக்கு யூரியா வேண்டாம்.

5. காய்ந்த தாளை எடுங்கள், புது நடவுக்கு அவசரப்படாதீர்கள்

தூருக்குள் காய்ந்து நிற்கும் பழைய தாள்களை ஒடித்து எடுங்கள். புதுத் துளிருக்கு வெளிச்சம் கிடைக்கும். தூர் செத்த இடத்தில் இப்போது கரணை நடாதீர்கள். நட்டதும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், அதன் பின்னும் ஈரம் வேண்டும். தண்ணீர் வசதி இல்லாதவர்கள் மழை தொடங்கும் வரை காத்திருங்கள்.

புல் மட்டும் போட்டால் போதுமா?

போதாது. கம்பு நேப்பியர் புல்லில் ஆக்சாலிக் அமிலம் என்று ஒன்று உண்டு. இது மாட்டின் வயிற்றில் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலில் சுண்ணாம்புச் சத்து போய்க்கொண்டே இருக்கும் கறவை மாட்டுக்கு இதனால் சத்துக் குறைவு வரும். இளம் புல்லில் இந்த அமிலம் அதிகம். 'அவசரத்துக்கு' 30 நாள் புல்லை அறுத்துப் போடக் கூடாது என்று சொல்வது இதனால்தான். 60 நாளைத் தாண்டவிட்டால் தண்டு முற்றி, மாடு பாதியைக் கழித்துவிடும். 45 நாள்தான் சரி.

இதற்கு மாற்று, மூன்று பங்கு புல்லோடு ஒரு பங்கு பயறு வகைத் தீவனம் சேர்ப்பது. மூணு வரிசை புல்லுக்கு ஒரு வரிசை வேலிமசால் போடுவது நல்ல முறை. வேலிமசால் விதையின் தோல் கடினம். தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கி மூணு நாலு நிமிஷம் விட்டு, அதில் விதையை ஐந்து நிமிஷம் போட்டு எடுங்கள். பிறகு ராத்திரி முழுக்கக் குளிர்ந்த தண்ணீரில் ஊற வைத்து விதைத்தால் நன்றாக முளைக்கும். இதை மழை தொடங்கும்போது விதைக்கலாம்.

இப்போதைக்கு அகத்தி, கிளைரிசிடியா தழை உதவும். சின்னமனூர் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்களில் கொடி படர அகத்தியைத்தான் வளர்க்கிறார்கள். நம் வீட்டு வேலியிலும் பத்து அகத்தி நிற்கலாமே. சூபாபுல் தழையைத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள். அதில் மைமோசின் என்ற நச்சு இருக்கிறது. இவற்றோடு தினமும் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையும் கொடுங்கள்.

உயிருக்கு ஆபத்து: சின்னச் சோளநாத்து

இந்தப் பகுதியைக் கூட்டத்தில் சத்தமாகப் படிக்கச் சொல்லி ஊக்குநர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

கோடையில் பசும்புல் கிடைக்காதபோது நம் கண்ணில் படுவது, அறுத்த சோளத் தாளிலிருந்து துளிர்த்து வரும் இளம் நாத்து. பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருக்கும். மாடும் ஆசையாகத் தின்னும். ஆனால் இளம் சோளப் பயிரில், அதிலும் தண்ணீர் இல்லாமல் வாடி நிற்கும் பயிரிலும், கோடை மழைக்குப் பின் துளிர்க்கும் மறுதாம்பிலும், சயனைடு என்கிற கொடிய விஷம் உருவாகும். நல்ல திடமான மாடுகூடக் கொஞ்ச நேரத்தில் விழுந்துவிடும்.

அறிகுறிகள்: வேகமாக மூச்சு வாங்கும், வாயில் நுரை தள்ளும், நடை தள்ளாடும், உடம்பு நடுங்கும், பிறகு விழும்.

என்ன செய்ய வேண்டும்: உடனே மாட்டை அந்த இடத்திலிருந்து விலக்குங்கள். 1962 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு, அதாவது நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்குப் போன் செய்யுங்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கும் சொல்லுங்கள். இதற்கு முறிவு மருந்து ஊசியாக இருக்கிறது. நேரத்தோடு போட்டால் பிழைக்கும். எண்ணெய், கஷாயம் என்று வாயில் ஊற்றாதீர்கள். மூச்சுத் திணறும் மாட்டுக்கு அது நுரையீரலுக்குப் போய்விடும்.

வராமல் தடுக்க: சோளத்தைப் பூ எடுத்த பிறகே அறுத்துப் போடுங்கள். அறுத்த தாள் இருக்கும் காட்டில் மாட்டை அவிழ்த்துவிடாதீர்கள். அறுத்ததை வெயிலில் வாட்டிப் போட்டால் விஷம் குறையும். ஆனால் சின்னப் பயிரை இதை நம்பிக் கொடுக்க வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மாம்பூ எடுக்கும் காலத்திலும் பிஞ்சு பிடிக்கும்போதும் தோப்புகளில் பூச்சிமருந்து அடிக்கிறார்கள். திராட்சைத் தோட்டத்திலும் அப்படித்தான். அங்கே கூலி வேலைக்குப் போகும் நம் பெண்கள் திரும்பி வரும்போது கீழே இருக்கும் புல்லை அறுத்துக் கட்டிக்கொண்டு வருவது வழக்கம். அறுக்கும் முன் 'கடைசியா எப்போ மருந்து அடிச்சீங்க, எத்தனை நாள் கழிச்சு அறுக்கலாம்?' என்று கேட்டுவிடுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகள்

கேள்வி: வைக்கோல் மட்டும் போட்டுக் கோடையை ஓட்ட முடியாதா?
பதில்: உயிரோடு இருக்கும், கறக்காது. பசுந்தீவனம் இல்லாவிட்டால் வைட்டமின் ஏ குறையும். மாடு சரியாகப் பருவத்துக்கு வராது. சினை பிடிக்காத ஒவ்வொரு மாதமும் நமக்கு நஷ்டம். தினம் 9 கிலோ பச்சையாவது கொடுத்தால் வித்தியாசம் தெரியும்.

கேள்வி: வெயில் நேரத்தில் மாடு தின்னவே மாட்டேங்குதே?
பதில்: தீவனம் செரிக்கும்போது உடம்பில் சூடு கூடும். அதனால் வெயிலில் தானாகவே குறைத்துக்கொள்ளும். விடிகாலையிலும், பொழுது சாய்ந்த பிறகும் போடுங்கள். ஓர் அங்குலம், ரெண்டு அங்குலத் துண்டாக நறுக்கி, வைக்கோலோடு கலந்து போட்டால் கழிவு குறையும். தண்ணீர் நிழலில் எப்போதும் இருக்கட்டும். கோடையில் கறவை மாட்டுக்கு 60 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும்.

கேள்வி: தண்ணீரே இல்லாத மேட்டு நிலத்துக்கு என்ன புல்?
பதில்: கொழுக்கட்டைப் புல். மானாவாரிக்கு ஏற்றது, வறட்சி தாங்கும். கம்பு நேப்பியர் அளவுக்கு மகசூல் வராது. மழைக்கு முன் விதைத்துவிடுங்கள்.

கேள்வி: அசோலா போடலாமா?
பதில்: போடலாம். தென்னை மர நிழலிலோ வலை நிழலிலோ தொட்டி வைக்கணும். நேர் வெயிலில் கோடையில் அழுகிவிடும். அது கூடுதல் தீவனம்தான், புல்லுக்கு மாற்று கிடையாது.

கேள்வி: கரணை எங்கே வாங்குவது?
பதில்: முதலில் நம் கூட்டமைப்பு உறுப்பினர்களிடம் கேளுங்கள். ஒரு வருஷத் தூரிலிருந்து நிறையக் கரணை எடுக்கலாம். காமாட்சிபுரத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் மையத்திலும், பக்கத்துக் கால்நடை மருந்தகத்திலும் விசாரிக்கலாம். புதுப் பெயர் சொல்லி அதிக விலைக்குக் கரணை விற்பவர்களிடம், அந்தப் புல் நிற்கும் தோட்டத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

குழுவாகச் செய்யக்கூடியது

கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டாம் போக நெல் அறுப்பு நேரத்தில் வைக்கோல் நிறைய வரும், விலையும் இறங்கும். அக்னி நட்சத்திரம் வரும்போது அதே வைக்கோல் ஏறிவிடும். ஒருவர் ஒரு வண்டி வாங்க முடியாது. ஐந்து பேர் சேர்ந்து ஒரு லோடு வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். குழுவின் உள்கடனில் இதற்குக் குறுகிய காலக் கடனாகத் தீர்மானம் போடலாம்.

அடுத்த கூட்டத்தில் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டியவை:

* குழுவில் கறவை மாடு எத்தனை, புல் பாத்தி உள்ளவர்கள் எத்தனை பேர்?
* யாரிடம் கரணை மிச்சம் இருக்கிறது, மழைக்கு யாருக்கு வேண்டும்?
* வைக்கோல் லோடுக்கு யார் யார் சேருகிறார்கள், எந்தத் தேதிக்குள் பணம்?
* தாது உப்புக் கலவை மொத்தமாக வாங்கலாமா?
* 1962 எண்ணை எல்லோரும் போனில் பதிந்தாச்சா? படிக்கத் தெரியாத உறுப்பினருக்கு யார் பதிந்து கொடுப்பது?

போன கோடையில் உங்கள் புல் பாத்தியை எப்படிக் காப்பாற்றினீர்கள் என்பதைக் கொத்துக் கூட்டத்தில் சொல்லுங்கள், அல்லது எழுதித் தாருங்கள். அடுத்த இதழில் மற்ற உறுப்பினர்களும் படிக்கட்டும்.